தண்ணிக்கம்புக்கு மலிவு பிரஷ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் இருந்துகொண்டு தஞ்சாவூர், மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் வரை கட்டடக் கண்ணாடி கழுவும் வேலை செய்கிறோம். நாலு பேர், ஒரு சின்ன லோடு வண்டி, ரெண்டு கம்பு. ஜவுளிக்கடை, ஆஸ்பத்திரி, லாட்ஜ், கல்யாண மண்டபம் என்று எங்கே பார்த்தாலும் கண்ணாடி முகப்பு வந்துவிட்டதால் இந்தத் தொழிலுக்குள் புதிதாக வருகிறவர்களும் கூடிவிட்டார்கள். அடுத்த மகாமகம் 2028-ல். அதற்குள் இன்னும் எத்தனை லாட்ஜ் கண்ணாடி மாட்டுமோ தெரியாது.

வாரத்துக்கு ரெண்டு பேராவது போன் போட்டு பிரஷ் பற்றியே கேட்கிறார்கள். கேள்வி எல்லாம் ஒரே மாதிரி. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, நான் சொன்ன பதிலையும் சேர்த்துவிட்டேன்.

"அண்ணே, வாட்டர் ஃபெட் போல்னா என்ன? மாப்பு குச்சியை நீளமா வச்சதுதானே?"

கிட்டத்தட்ட அப்படித்தான், ஆனால் உள்ளே தண்ணீர் ஓடும். ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நீளும் கம்பு, அதன் வழியாக நுனிவரை போகும் மெல்லிய டியூப், நுனியில் பிரஷ். பிரஷ் தேய்க்கும்போதே ஜெட் வழியாகத் தண்ணீர் பீய்ச்சும். தரையில் நின்றபடி மூணு மாடி வரை கழுவலாம். சாரம் வேண்டாம், ஏணி வேண்டாம். எங்கள் பசங்க வாயில் அது தண்ணிக்கம்பு, இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

முக்கியமான விஷயம், இதில் கடைசியாகத் துடைப்பது கிடையாது. உப்பில்லாத தண்ணீரில் கழுவி அப்படியே காயவிட வேண்டியதுதான். தண்ணீரில் உப்பு இருந்தால் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளி நிற்கும். தண்ணீர் பற்றிப் பின்னால் தனியாக வருகிறது.

"பிரஷ்ல பார்க்க என்னங்க இருக்கு? எதை மாட்டுனா என்ன?"

மூணு விஷயம் இருக்கிறது: கட்டை, முடி, ஜெட். கட்டை லேசாகவும் தண்ணீர் குடிக்காததாகவும் இருக்க வேண்டும். முடி கண்ணாடிக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். ஜெட் அழுக்கைக் கீழே தள்ளும் வேகத்தில் அடிக்க வேண்டும்.

எடைதான் புதிதாக வருகிறவர்கள் கணக்கில் எடுக்காதது. கடையில் கையில் வைத்துப் பார்த்தால் எல்லா பிரஷ்ஷும் லேசுதான். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கம்பு நுனியில் கட்டி, 8 மீட்டர் நீட்டி, ஒரு கால் மணி நேரம் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். தோள்பட்டை சொல்லும். மரக்கட்டை பிரஷ் வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். ஊறினால் கனக்கும், நாளாக ஆக வெடிக்கும்.

"மலிவுன்னா எதைச் சொல்றீங்க?"

வெளிநாட்டிலிருந்து வரும், கண்ணாடி வேலைக்கென்றே செய்த பிரஷ் ஒன்றின் விலைக்கு, நம் ஊரில் சோலார் பேனல் கழுவ விற்கும் பிரஷ் சில நேரம் நாலைந்து வாங்கலாம். மலிவு என்று இங்கே நான் சொல்வது அந்தச் சோலார் பிரஷ்ஷையும், தண்ணீர் வரும் கைப்பிடியோடு விற்கும் கார் கழுவும் பிரஷ்ஷையும், வெறும் பிரஷ்ஷாக வாங்கி நாமே ஜெட் போட்டுக்கொள்வதையும்தான்.

கணக்கை மாதத்துக்கு எவ்வளவு என்று போடுங்கள். பேச்சுக்கு, 1,500 ரூபாய் பிரஷ் மூணு மாதம் வந்தால் மாதம் 500. 6,000 ரூபாய் பிரஷ் ஒரு வருஷம் வந்தாலும் மாதம் 500தான். ஆனால் 6,000 ரூபாய் பிரஷ்ஷைப் பையன் ஒருத்தன் மாடியிலிருந்து கீழே போட்டு உடைத்தால் அந்த மாதச் சாப்பாடு போயிற்று. புதுப் பையன்கள் கையில் மலிவு பிரஷ்தான் கொடுக்கிறேன்.

"கடைக்காரர் எல்லாத்தையும் நைலான்ங்கறார். எப்படிங்க கண்டுபிடிக்கிறது?"

டீக்கடை டம்ளர் ஒன்று போதும். தண்ணீர் ஊற்றி, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டு, பிரஷ்ஷிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி விரலால் உள்ளே அமுக்கி விடுங்கள். சோப்பு எதற்கென்றால், மெல்லிய முடி தண்ணீரின் மேல் தோலில் ஒட்டிக்கொண்டு மிதக்கிற மாதிரி ஏமாற்றும். சோப்பு அந்தத் தோலை உடைத்துவிடும். அமுக்கி விட்டதும் முடி மேலே ஏறி வந்தால் அது பாலிப்ரொப்பிலீன், தெருவில் விற்கும் பிளாஸ்டிக் துடைப்ப ரகம். அடியில் போய்ப் படுத்தால் நைலான் அல்லது பி.பி.டி. (PBT, இதுவும் ஒரு பிளாஸ்டிக்தான்).

இந்த ரெண்டுக்கும் வித்தியாசம் ஊறினால் தெரியும். நைலான் தண்ணீரைக் குடித்து மெத்தென்று ஆகிவிடும். பி.பி.டி. அனேகமாகக் குடிக்காது, காலையில் இருந்த விறைப்பு சாயங்காலமும் இருக்கும். அதனால் புது பிரஷ்ஷைக் கடையில் காய்ந்த நிலையில் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு ராத்திரி வாளியில் போட்டுவிட்டு மறுநாள் தொட்டுப் பாருங்கள்.

மிதக்கும் ரகத்தைத் தூக்கி எறிய வேண்டும் என்று சொல்லவில்லை. ஜன்னல் சட்டம், ஷட்டர், சுவர் எல்லாம் தேய்க்கலாம். கண்ணாடியில் ரெண்டு மாதத்தில் வளைந்து படுத்துவிடும், அவ்வளவுதான்.

"முடி நுனி பிளந்து பஞ்சு மாதிரி இருக்கே, டேமேஜ் பீஸா?"

இல்லை. வேண்டுமென்றே நுனியைக் கீறி விட்டிருக்கிறார்கள். பிளந்த நுனி மெத்தென்று இருக்கும், தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கண்ணாடி முழுக்க ஒரே மாதிரி பரப்பும். மாதா மாதம் கழுவும் கண்ணாடிக்கு அருமையானது.

முதல் தடவை கழுவும், ஒரு வருஷ அழுக்கு ஏறிய கண்ணாடிக்கு அது உதவாது. அழுக்கு நுனிக்குள் போய்ச் சிக்கிக்கொண்டு, கழுவின இடத்தையே மறுபடி அழுக்காக்கும். அதற்குப் பிளக்காத, நேரான முடி வேண்டும். நுனியை நகத்தால் சீவிப் பார்த்தால் எது எந்த ரகம் என்று தெரிந்துவிடும்.

"தென்னை நார் பிரஷ் நம்ம ஊர்லயே சல்லிசா கிடைக்குதே தம்பி, அதை மாட்டக் கூடாதா?"

பட்டுக்கோட்டைப் பக்கத்து அக்கா ஒருவர் கேட்டார். தென்னந்தோப்புக்காரர், கேட்கத்தான் செய்வார். நார் ஊறினால் பழுப்புச் சாறு இறங்கும், வெள்ளைச் சுவரில் கோடு விழும், துணுக்கு உதிரும். பனந்தும்பு பிரஷ் இன்னும் விறைப்பு. ரெண்டும் தரைக்கும் கழுநீர்த் தொட்டிக்கும் நல்லது, கண்ணாடிக்கு வேண்டாம்.

"எத்தனை இன்ச் வாங்கட்டும்?"

வீட்டு ஜன்னல், லாட்ஜ் ஜன்னல் என்றால் 10 அல்லது 12 இன்ச். சட்டத்துக்குள் மூலை முடுக்கு இருக்கும், பெரிய பிரஷ் திரும்பாது. ஜவுளிக்கடை மாதிரி முழுக்கண்ணாடி முகப்பு என்றால் 14 முதல் 18 வரை போகலாம், இரண்டு மாடிக்கு மேல் போகாத வரை. உயரம் கூடக் கூட அகலத்தைக் குறைக்க வேண்டும். ஆடிக் காற்றில் 18 இன்ச் பிரஷ்ஷை மூணாவது மாடிக்குத் தூக்கியவன் அதை ரெண்டாவது தடவை செய்ய மாட்டான்.

ஒரே ஒரு பிரஷ்தான் வாங்க முடியும் என்கிறவருக்கு: 12 இன்ச், பிளாஸ்டிக் கட்டை, பிளக்காத ஆனால் விறைப்பு குறைந்த முடி, அடியில் படுக்கும் ரகம்.

"ஜெட் ரெண்டா, நாலா? நாலுன்னா தண்ணி ஜாஸ்தி வருமுல்ல?"

பம்ப் கொடுக்கும் தண்ணீர் அதேதான். ரெண்டு துளை வழியாகப் போனால் வேகமாகப் போகும், நாலு வழியாகப் போனால் நனைக்கும், அவ்வளவுதான். சின்ன பம்ப் வைத்திருப்பவர்கள் ரெண்டோடு நிறுத்துங்கள்.

துளை அளவும் அப்படித்தான். 2 மில்லிமீட்டர் துளையின் பரப்பு 1 மில்லிமீட்டர் துளையைப் போல் நாலு மடங்கு. நிமிஷத்துக்கு ஒன்றரை லிட்டர் அளவில் ஓட்டுகிறவர்களுக்கு ரெண்டு மில்லிமீட்டருக்குள் இருக்கும் ரெண்டு ஜெட் சரியாக வரும். 1 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் ஒரு மணல் துணுக்கு வந்து அடைத்துவிடும். ஜெட்டின் வாய் முடிக்கு நடுவே கண்ணாடியைப் பார்த்து இருக்கிறதா என்றும் பாருங்கள். மலிவு பிரஷ் சிலவற்றில் ஜெட் கோணலாக இருந்து பாதித் தண்ணீர் முடிக்குள்ளேயே இறங்கிவிடும்.

"ஜெட் இல்லாத பிரஷ்தான் கிடைச்சுது. நானே போட்டுக்கலாமா?"

தாராளமாக. சாமான் எல்லாம் சொட்டுநீர்ப் பாசனக் கடையிலேயே இருக்கிறது. மைக்ரோ டியூப், அதற்கான முள் இணைப்பு, ஒரு டீ (T வடிவ இணைப்பு). பிரஷ் கட்டையில் முடிக்கற்றைகளுக்கு இடையில் ரெண்டு இடம் பார்த்துத் துளை போட்டு, முதுகுப்பக்கமிருந்து இணைப்பைச் செருகி, ரெண்டு டியூபையும் டீயில் சேர்த்துக் கம்பு டியூபோடு மாட்ட வேண்டியதுதான். ரெண்டு டியூபும் ஒரே நீளம் இருக்கட்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் வேகம், ஒரு பக்கம் மந்தம்.

துளை போடும்போது கவனிக்க ஒன்று இருக்கிறது. கட்டைக்குள் ஒவ்வொரு முடிக்கற்றையையும் ஒரு சின்ன உலோகக் கம்பித் துண்டு பிடித்திருக்கும். டிரில் அதில் பட்டால் அந்தக் கற்றை மொத்தமாகக் கழன்றுவிடும். முன்பக்கமிருந்து குண்டூசியால் இடம் பார்த்துவிட்டுத் துளையுங்கள்.

"மருந்தடிக்கிற பேட்டரி ஸ்பிரேயர் வீட்ல சும்மா கிடக்கு. அதையே பம்பா வச்சுக்கலாமா மாமா?"

மன்னார்குடிப் பக்கம் என் மருமகன் முறைப் பையன் கேட்டான். உள்ளே இருப்பது 12 வோல்ட் டயாஃப்ரம் பம்ப். தண்ணிக்கம்புக்கு விற்கும் பம்ப்பும் அந்த இனம்தான். 10 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு பார் அழுத்தம் போய்விடும், மிச்சம் ஜெட்டுக்குக் கிடைக்கும். 16 லிட்டர் டேங்க் பத்து நிமிஷம் வரும். ஒரு கடை முகப்பு, ரெண்டு வீட்டு ஜன்னல் என்று பழக அது போதும்.

ஆனால் வயலில் மருந்தடித்த ஸ்பிரேயர் கூடவே கூடாது. எத்தனை தடவை அலசினாலும் டியூபிலும் சீலிலும் மருந்து மிச்சம் இருக்கும். மேலே இருந்து தெறிக்கும் தண்ணீர் நம் முகத்தில்தான் விழும், கீழே குழந்தைகள் நடந்து போவார்கள். புதிதாக ஒன்று வாங்கி, மேலே பெயின்டில் பெரிதாகக் கண்ணாடி என்று எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் சம்பா நேரத்தில் அப்பாவே எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விடுவார்.

"நல்ல பிரஷ்ஷா வாங்கிட்டா போர் தண்ணியே போதுமில்லீங்களா?"

போதாது. இதை எத்தனை பேரிடம் சொன்னேன் என்று எனக்கே கணக்கில்லை. பிரஷ்ஷில் மிச்சம் பிடிக்கலாம், தண்ணீரில் பிடிக்கக் கூடாது. டெல்டாவில் போருக்குப் போர் தண்ணீர் மாறும், கடலோரம் போகப் போக உப்பு ஏறும். நாகப்பட்டினம் பக்கம் டி.டி.எஸ். மீட்டரை (தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் கருவி) விட்டால் ஆயிரத்தைத் தாண்டிக் காட்டும் போர் சகஜம். துடைக்காமல் காயவிட வேண்டுமானால் மீட்டர் பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டும். 10-ஐத் தாண்டினால் நான் வேலையை நிறுத்திவிடுவேன்.

வழி, முதலில் ஆர்.ஓ., அதற்கப்புறம் டி.ஐ. ரெசின், அதாவது தண்ணீரில் மிச்சமிருக்கும் உப்பைப் பிடித்துக்கொள்ளும் மணிகள். 1,200 காட்டும் தண்ணீரை நேராக ரெசினுக்கு விட்டால் ரெசின் சீக்கிரம் செத்துவிடும். ஆர்.ஓ. அதை 60-க்கு இறக்கிக் கொடுத்தால் அதே ரெசின் கிட்டத்தட்ட 20 மடங்கு வேலை செய்யும். வீட்டுக் குடிதண்ணீர் ஆர்.ஓ.வை வைத்து ஓட்ட முடியாது, ஒரு மணி நேர வேலைக்கே 90 லிட்டர் வேண்டும்.

"மழைத்தண்ணி? ஏசி தண்ணி?"

ஐப்பசி, கார்த்திகையில் மழைத்தண்ணீர் வரப்பிரசாதம். முதல் மழை கூரையைக் கழுவிப் போகட்டும், அதற்கப்புறம் பிடித்தது எங்கள் தகர ஷெட்டில் 30-க்குள்தான் காட்டும். வடிகட்டி ரெசினுக்கு விட்டால் ஆர்.ஓ.வே வேண்டாம்.

ஏசி தண்ணீரில் உப்பு குறைவு, ஆனால் வழவழப்பும் தூசியும் உண்டு. அளவும் குடக்கணக்குதான்.

"பிரஷ் தேச்சா கண்ணாடியில கீறல் விழாதா சார்?"

பிளாஸ்டிக் முடி கண்ணாடியைக் கீறாது. கீறுவது அதற்கும் கண்ணாடிக்கும் நடுவில் மாட்டும் மணல். கொள்ளிட மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ், மோஸ் கடின அளவில் 7. கண்ணாடி ஐந்தரை பக்கம்தான். பக்கத்து மனையில் கட்டட வேலை நடந்தால் அந்த மணல் பறந்து வந்து ஜன்னல் சட்டத்தின் மேல் விளிம்பில் உட்கார்ந்திருக்கும்.

அதனால் முதலில் பிரஷ்ஷை வைக்காமல் தண்ணீரை மட்டும் மேலிருந்து ஓட விடுங்கள். அப்புறம் மேல் சட்டம், அதற்கப்புறம்தான் கண்ணாடி. தரையில் வைத்த பிரஷ்ஷை அலசாமல் தூக்காதீர்கள். என் பசங்களுக்கு நான் போட்டிருக்கும் ஒரே அபராதம் இதற்குத்தான், டீச்செலவு அன்றைக்கு அவன் கணக்கு.

"புது பிரஷ், ரெண்டு வாரத்துல சுவர் எல்லாம் காவிக் கோடு. என்னண்ணே இது?"

துரு. எனக்கே நடந்திருக்கிறது. ஒரு லாட்ஜில், வெள்ளையடித்து ஒரு மாதம்கூட ஆகாத சுவர். காலையில் கழுவினோம், மத்தியானம் மேனேஜர் கூப்பிட்டார். ஒவ்வொரு ஜன்னலுக்குக் கீழேயும் டீத்தண்ணீர் வழிந்த மாதிரி கோடு. தண்ணீரைச் சந்தேகப்பட்டு மீட்டர் பார்த்தோம், பூஜ்யம். கடைசியில் பிரஷ்ஷைத் தட்டில் கவிழ்த்து வைத்து முடியை விலக்கிப் பார்த்தால், ஜெட் போட எப்படித் துளையிடுவது என்று மேலே சொன்னேனே, அந்தக் கம்பித் துண்டுகள் அத்தனையும் துருப்பிடித்து, ஒவ்வொரு கற்றையின் அடியிலும் குங்குமம் வைத்த மாதிரி இருந்தது. சுவருக்கு எங்கள் செலவில் மறுபடி வெள்ளையடித்துக் கொடுத்தோம்.

அன்றிலிருந்து புது பிரஷ் வாங்கினால் உப்புத் தண்ணீரில் ஒரு ராத்திரி, அப்புறம் வெளியே ரெண்டு நாள் வைத்துவிட்டு முடியை விலக்கிப் பார்ப்பேன். காவி தெரிந்தால் கடைக்கே போகும். இதே கம்பி வேறு ஒரு ஆபத்தும் செய்யும்: முடி தேய்ந்து குட்டையானதும் அழுத்தித் தேய்த்தால் அதன் முனை கண்ணாடியைத் தொடும். அப்போது விழும் கீறலுக்கு மணலைக் குற்றம் சொல்ல முடியாது.

"தீபாவளி சமயத்துல ஜவுளிக்கடை கண்ணாடி பூரா பச்சைப் பூச்சி. எந்த பிரஷ்ஷும் கேட்க மாட்டேங்குது."

நெல் வயலில் இருந்து விளக்கு வெளிச்சத்துக்கு வரும் தத்துப்பூச்சி. கண்ணாடியில் மோதிச் செத்து ஒட்டிக் காய்ந்துவிடும். காய்ந்ததை அழுத்தித் தேய்த்தால் பச்சையும் பழுப்புமாக இழுவிக்கொள்ளும். இதற்குப் பிரஷ்ஷை மாற்ற வேண்டாம், நேரத்தை மாற்றுங்கள். விடிகாலையில் பனி ஈரம் இருக்கும்போதே போய், ஒரு தடவை நனைத்து விட்டு அஞ்சு நிமிஷம் பொறுத்து, அப்புறம் பிளக்காத முடியால் தேயுங்கள். பிளந்த நுனி பிரஷ்ஷில் றெக்கை எல்லாம் சிக்கிக்கொள்ளும், எடுத்து முடியாது.

"வேளாங்கண்ணி லாட்ஜ் வேலை எடுத்திருக்கேன். கடல் உப்புக்குத் தனி பிரஷ் வேணுமா?"

வேண்டாம். உப்பு தண்ணீரிலேயே கரையும், அங்கே மெத்தென்ற பிரஷ்ஷே போதும். தேய்ப்பைக் குறைத்து அலசலைக் கூட்டுங்கள். கவனம் வேண்டியது உங்கள் சாமானுக்குத்தான்: வேலை முடிந்ததும் கம்புப் பூட்டு, திருகு, பிரஷ் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவி விடுங்கள்.

"நாகூர்ப் பக்கம் பள்ளிவாசல் வேலை கேட்டாங்க. பிரஷ்ல பன்றி முடி இருக்குமாமே, நெசமா?"

இருக்கிறது. பன்றி முடி பிரஷ் அழுக்கை நன்றாகப் பிடித்து இழுக்கும் என்பதால் சிலர் விரும்பி வாங்குவார்கள், பிளாஸ்டிக்கோடு கலந்தும் வரும். பள்ளிவாசலுக்கும் முஸ்லிம் வீடுகளுக்கும் அதைக் கொண்டு போகவே கூடாது. கோயில்களில் கேட்டாலும் நான் கொண்டு போவதில்லை. கேட்கிறவர் கேட்டால் பயமில்லாமல் பதில் சொல்லத் தோதாக, எங்களிடம் எல்லாமே பிளாஸ்டிக் முடிதான்.

கலப்பு இருக்கிறதா என்று பார்க்க, நாலைந்து இடத்தில் ஒவ்வொரு முடி பிடுங்கித் தீக்குச்சி காட்டுங்கள். பிளாஸ்டிக் உருகி மணி மாதிரி சுருளும். மிருக முடி கருகி, தலைமுடி பொசுங்கும் நாற்றம் வரும். பழைய பிரஷ்ஷைக் கொடுத்து ஏமாற்றும் எண்ணம் வேண்டாம், அவர்கள் நம்மை நம்பிக் கூப்பிடுகிறார்கள்.

"கண்ணாடி மாதிரி முகம் தெரியுற கிளாஸ்ல பிரஷ் போடலாமா?"

முகம் தெரிய வைக்கும் பூச்சு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பேனா முனையை வெளிப்பக்கக் கண்ணாடியில் வைத்துப் பாருங்கள். முனைக்கும் அதன் பிம்பத்துக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி தெரிந்தால் பூச்சு உள்ளே இருக்கிறது, வழக்கம்போல் கழுவலாம். முனையும் பிம்பமும் ஒட்டிக்கொண்டு தெரிந்தால் பூச்சு வெளிப்பக்கம். அதற்குப் பிளந்த நுனி, மெத்தென்ற முடி, நிறையத் தண்ணீர். ஒரு மூலையில் முதலில் செய்து, காய்ந்ததும் உரிமையாளரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு மிச்சத்தைச் செய்யுங்கள்.

"சிமெண்டு தெறிச்சிருக்கு. பிரஷ்ல ஆசிட் தொட்டுத் தேய்க்கலாமா?"

கூடாது. பாத்ரூம் ஆசிட் நைலான் முடியைத் தின்றுவிடும், அலுமினியச் சட்டத்தையும் அரிக்கும். மேலே இருந்து சொட்டினால் உங்கள் கண். சிமெண்டு கறை பிரஷ் வேலையே இல்லை, கட்டடக்காரரிடம் முதலிலேயே சொல்லி விலையில் சேர்க்காமல் விடுங்கள்.

"சில கண்ணாடியில தண்ணி ஒட்டாம முத்து முத்தா உருண்டு ஓடுதே, அங்க மட்டும் சரியா வரலை."

மெழுகோ சிலிக்கானோ படிந்த கண்ணாடி அப்படித்தான். தாமரை இலைத் தண்ணீர். மற்ற கண்ணாடியில் தேய்த்து முடித்ததும் பிரஷ்ஷைக் கொஞ்சம் தூக்கி ஜெட்டால் மட்டும் அலசுவோம், தண்ணீர் ஏடு மாதிரி பரவி இறங்கும். இங்கே தூக்கினால் ஜெட் பட்ட கோட்டில் மட்டும் ஓடி, நடுவில் அழுக்கு நிற்கும். பிரஷ்ஷைக் கண்ணாடியிலேயே வைத்தபடி, அழுத்தாமல், மெதுவாக மேலிருந்து கீழே இழுத்து அலசுங்கள். பிளந்த நுனி பிரஷ் இருந்தால் அதை எடுங்கள், அல்லது விசிறி மாதிரி பரவும் ஜெட் மாட்டுங்கள்.

"முடி எல்லாம் விரிஞ்சு துடைப்பம் மாதிரி ஆயிடுச்சு. தூக்கிப் போட வேண்டியதுதானா?"

ஒரு தடவை காப்பாற்றலாம். நன்றாகச் சூடான, ஆனால் கொதிக்காத தண்ணீரில் முடியை மட்டும் அஞ்சு நிமிஷம் முக்குங்கள். கட்டை நனையக் கூடாது, ஜெட் இணைப்பு தளர்ந்துவிடும். எடுத்ததும் ஈரத்துணியால் இறுக்கிக் கட்டி, ஆறும்வரை விட்டுவிடுங்கள். முக்கால்வாசி நிமிரும்.

விரியாமல் பார்த்துக்கொள்வது சுலபம். முடியின் மேல் பிரஷ்ஷை நிற்க வைக்காதீர்கள், ஆணியில் தொங்கவிடுங்கள். வெயிலில் காயப்போட வேண்டாம்.

"பிரஷ் திரெட் கம்புல ஏறவே இல்லை. கடைக்காரர் எல்லாம் ஒரே சைஸ்னார்."

ஒரே சைஸ் இல்லை. மாப்புக் குச்சித் திரெட்டிலேயே ரெண்டு மூணு ரகம் ஓடுகிறது. கம்பின் நுனித் துண்டைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப் போய் மாட்டிப் பார்த்து வாங்குங்கள். டேப் சுற்றி இறுக்கிச் சமாளிக்கிறேன் என்கிறவர்களிடம் ஒன்று சொல்கிறேன்: மூணாவது மாடியிலிருந்து பிரஷ் கழன்று விழும்போது கீழே ஆள் இருப்பார்கள். இந்த ஒரு இடத்தில் மலிவு பார்க்காதீர்கள்.

"கரண்டு கம்பி பக்கத்துல போகுது. பிளாஸ்டிக் பிரஷ்தானே, சுத்தத் தண்ணிதானே, ஷாக் அடிக்காதுல்ல?"

பிரஷ் பிளாஸ்டிக்காக இருக்கட்டும், கம்பு? அலுமினியம் கரண்டு கடத்தும். கார்பன் ஃபைபரும் கடத்தும், இது நிறையப் பேருக்குத் தெரியாது. ஃபைபர் கிளாஸ் காய்ந்து சுத்தமாக இருந்தால் கடத்தாது, ஆனால் நம் கம்பு எப்போது காய்ந்திருக்கிறது? உப்பில்லாத தண்ணீரும் கண்ணாடியைத் தொட்ட அடுத்த நொடியே அழுக்குத் தண்ணீர்தான்.

கடைத்தெருவில் கம்பி முகப்பை உரசுகிற மாதிரி போகும் இடங்களில் நான் நீட்டிய கம்பின் நுனிக்கும் கம்பிக்கும் 3 மீட்டராவது இல்லாமல் தொடுவதில்லை. அதற்குள் வந்தால் மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்திய பிறகுதான் வேலை. கும்பகோணம் பெரிய கடைத்தெருப் பக்கம் ஒரு கடையை இதற்காகவே விட்டுவிட்டேன். வேறு யாரோ ஏணி போட்டுச் செய்கிறார்கள்.

"இதே பிரஷ்ஷால சோலார் பேனலும் கழுவலாமா?"

மெத்தென்ற முடி என்றால் கழுவலாம். பேனல் கண்ணாடியின் வெளிப்பக்கத்திலும் பூச்சு உண்டு, அதனால் முகம் தெரியும் கண்ணாடிக்குச் சொன்ன எச்சரிக்கை இதற்கும். விடிகாலையிலேயே முடித்துவிடுங்கள், வெயிலில் கொதிக்கும் பேனலில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கண்ணாடி தெறிக்க வாய்ப்பு உண்டு. பேனல் மேல் ஏறி நிற்காதீர்கள்.

"தேய்ஞ்ச பிரஷ்ஷை என்னண்ணே பண்றீங்க?"

முடி முக்கால் இன்ச்சுக்குக் கீழே போனதும் கண்ணாடியில் இருந்து ஓய்வு. அப்புறம் ஷட்டர், கொசுவலைச் சட்டம், பால்கனிக் கம்பி. அதுவும் முடிந்தால் ஜெட்டையும் இணைப்பையும் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு, கட்டை எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகைக்குப் போகும். போன வருஷத்து 14 இன்ச் பிரஷ்ஷில்தான் இப்போது அம்மா கழுநீர்த் தொட்டி தேய்க்கிறார். பிடி சரியில்லை என்று தினமும் ஒரு குறை சொல்கிறார்.